நகரம் கட்டிய புதுச் சேரி

'வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர்' என்பது ஒரு சொல். 'ஆக்கிரமிப்பாளர்' என்பது இன்னொரு சொல். 'கண்ணகி நகர் ஆளுங்க', 'பெரும்பாக்கம் போர்டு ஆளுங்க' என்பது மூன்றாவது சொல். மூன்றும் வேறு வேறு மனிதர்களைக் குறிப்பவை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரே ஆள்தான். தண்ணீர் கழுத்தளவு நின்றபோது அவர் பாதிக்கப்பட்டவர். தண்ணீர் வடிந்த மறுவாரம் ஆக்கிரமிப்பாளர். லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்ட மறுநாளிலிருந்து குற்றவாளி. ஒரே மனிதருக்குச் சில வாரங்களுக்குள் மூன்று பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது? நிவாரணம், மறுவாழ்வு, மறுகுடியமர்வு என்றெல்லாம் பேசுகிறவர்கள் தொடாமல் தாண்டிப்போகிற கேள்வி இது.

நாம் தொடுவோம். தொட்டால் தீட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்ட சமூகத்தில் தொடுவதுதானே நம் அரசியல்.

1

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் கரையோரக் குடிசைகள் தூக்கத்திலேயே மூழ்கின. இது இயற்கைப் பேரிடர் அல்ல, மனிதரால் ஏற்பட்ட பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. அந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரியைத் திறந்தது குடிசைக்காரன் இல்லை. ஆற்றைத் தூர்க்க விட்டது குடிசைக்காரன் இல்லை. ஆனால் தண்டனை யாருக்கு?

அந்த ஒரு வாரம் சென்னை மனிதாபிமானத்தில் மிதந்ததை யாரும் மறுக்கவில்லை. உணவுப் பொட்டலம், போர்வை, படகு, பால் பவுடர் எல்லாம் வந்தன. 'சாதி மதம் பாராமல்' என்று தலையங்கங்கள் எழுதினார்கள். நகரத்தின் சகதியையும் மலத்தையும் அள்ளுவதற்கு வெளி மாவட்டங்களிலிருந்து கூட்டிவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் என்ன சாதி என்று அந்தத் தலையங்கங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பொட்டலம் கொடுத்த கைக்குச் சாதி இல்லையாம். சரி. மலம் அள்ளின கைக்கு?

வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே அடையாற்றுக் கரைக் குடிசைகளைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். 'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்றார்கள். பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் பிள்ளைகளைப் பிடுங்கி, 20, 25 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்திலும் எழில் நகரிலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடையாறு முடிந்து கூவம் வந்தது. கூவம் முடிந்து பக்கிங்காம் கால்வாய் வந்தது. 2021இல் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகர். 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். அங்கே வீடு இடிப்பதைத் தாங்க முடியாமல் ஒரு முதியவர் தன்னைக் கொளுத்திக்கொண்டு செத்தார். வெள்ளம் வந்து பல வருஷம் ஆகியும் வெள்ளத்தின் பெயரால் வெளியேற்றம் நிற்கவில்லை.

ஆக, வெள்ளம் என்பது நகரத்துக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு. அதற்கு முன்னால் சுனாமி ஒரு வாய்ப்பு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு சென்னைக் கடற்கரையோரத்துச் சனங்களைத் தற்காலிக முகாம்களில் தகரக் கொட்டகைகளில் வேகவைத்துவிட்டுக் கடைசியில் செம்மஞ்சேரியில் கொண்டு போட்டார்கள். கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் கடல் இல்லாத இடத்தில் வீடு. அவர்களோடு கால்வாய்க் கரைகளிலிருந்து பிடுங்கப்பட்டவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 6,700க்கு மேற்பட்ட வீடுகள். உள்ளே நுழைந்து நாலு பேர் கால் நீட்டிப் படுத்தால் சுவரில் முட்டும்.

அதே சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் நடந்ததையும் மறக்கக் கூடாது. நிவாரண முகாமில் தலித்துகளோடு ஒன்றாகத் தங்க மாட்டோம், ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் அழுகிய பிணங்களை எடுக்க நம் ஆட்கள்தான் வேண்டியிருந்தது. கடல் எல்லோரையும் ஒன்றாகத்தான் அடித்தது. கரை ஏறியதும் சாதி ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிட்டது.

2

ஆக்கிரமிப்பு என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது 1971இல். ஒரு பகுதியைக் 'குடிசைப் பகுதி' என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கிருப்பவர்களுக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு. இருக்கும் இடத்திலேயே வீடு, தண்ணீர், கக்கூஸ் என்று மேம்படுத்த வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு. மெரினாவை ஒட்டி அயோத்திகுப்பம், நொச்சிக்குப்பம் அடுக்கு வீடுகள் அப்படி எழுந்தவைதான். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் 1985க்குப் பிறகு சென்னையில் யாரும் குடிசையில் வாழவில்லையா? வாழ்ந்தார்கள். மெட்ரோ கட்டினார்கள், மேம்பாலம் கட்டினார்கள், உங்கள் அடுக்குமாடியும் கட்டினார்கள். அரசு அவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். சட்டத்தைச் செயல்படுத்தாததன் மூலமாகவே ஒரு சனத்தைச் சட்டவிரோதமாக்குகிற வித்தை இது.

குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் இழிவாக இருக்கிறதாம். பெயரில் இருந்த குடிசையைத்தான் மாற்றினார்கள். அதே ஆண்டில் புளியந்தோப்பில் கட்டிய அடுக்குமாடியில் விரலால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

சரி, நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் யார்? பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பத்துக்குப் பத்து கூரை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். அதே கால்வாயின் வயிற்றிலேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்ட அரசு? அது வளர்ச்சி. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதியை விழுங்கியது யார்? பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள், கண்ணாடி பதித்த மென்பொருள் கட்டடங்கள், 'லேக் வியூ' என்று பெயர் வைத்த அடுக்குமாடிகள். ஏரியை மூடிவிட்டு ஏரிப் பார்வையை விற்கிறான். அவன் வீட்டு வாசலில் புல்டோசர் நிற்காது. அவனுக்கு 'முறைப்படுத்தும் திட்டம்' வரும், கட்டணம் கட்டினால் போதும். குடிசைக்காரனை முறைப்படுத்தும் திட்டம் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எங்கே கொண்டுபோனார்கள்? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்துக்கு. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தாழ்வான இடங்கள். கண்ணகி நகர், சதுப்பின் தண்ணீர் வெளியேறும் ஒக்கியம் மடுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015 மழையில் செம்மஞ்சேரி மூழ்கியது. 2021 மழையிலும் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மின்சாரம் இல்லை, லிப்ட் இல்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் கிழவிகளும் கர்ப்பிணிகளும் குடிதண்ணீருக்கு இறங்கி ஏற வேண்டியிருந்தது. வெள்ளத்திலிருந்து பாதுகாப்பதுதான் நோக்கம் என்றால் வெள்ளம் தேங்குகிற சதுப்பில் யாராவது வீடு கட்டிக் கொடுப்பார்களா? நோக்கம் அது இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். நகரத்தின் நடுவில் ஆற்றங்கரை நிலம் வேண்டும். அதில் நம் முகம் தெரியக் கூடாது. இதுதான் நோக்கம்.

3

இனி, வந்து சேர்ந்த இடத்தில் நகரம் இவர்களை எப்படிப் பார்க்கிறது?

ஓஎம்ஆர் சாலையின் இருபுறமும் வாயிற்காவலர் வைத்த குடியிருப்புகள். அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற அக்கா கண்ணகி நகர். குப்பை அள்ளுகிற அண்ணன் செம்மஞ்சேரி. சாப்பாடு கொண்டுவந்து கதவைத் தட்டுகிற தம்பி பெரும்பாக்கம். இவர்கள் இல்லாமல் அந்தக் குடியிருப்புகளுக்கு ஒரு காலைப் பொழுது விடியாது. ஆனால் அந்த அக்காவுக்குத் தனி லிப்ட். தனி டம்ளர். வெளியே போகும்போது பை சோதனை. கம்மல் காணாமல் போனால் முதல் கேள்வி: 'நீ எங்க இருந்து வர்ற?' கம்மல் கட்டிலுக்கு அடியில் கிடைத்த பிறகு மன்னிப்பு கேட்பார்களா? அடப் போங்கய்யா.

சைதாப்பேட்டையில் இருந்தவரைக்கும் நடந்துபோய் நாலு வீட்டு வேலை பார்த்தவள், பெரும்பாக்கம் வந்த பிறகு விடியற்காலையில் பஸ் பிடித்து அதே சைதாப்பேட்டைக்கே போகிறாள். 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் வந்தது நல்ல விஷயம். ஆனால் பஸ்ஸில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவது? நாலு வீடு இரண்டு வீடாகிறது. வருமானம் பாதி. ராத்திரி வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும், அல்லது தெருவில் நிற்கும். தெருவில் நிற்கிற பிள்ளையைப் போலீஸ் பார்க்கும். இப்படித்தான் ஒரு 'குற்றவாளி' தயாராகிறான்.

வேலைக்கு மனுப் போடுகிற பையன்கள் 'கண்ணகி நகர்' என்று எழுதுவதில்லை, 'துரைப்பாக்கம்' என்று எழுதுகிறார்கள். ஏன்? உண்மை முகவரியைப் பார்த்ததும் நேர்முகத் தேர்வில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 'சொல்லி அனுப்புறோம்' என்கிறார்கள். சொல்லி அனுப்புவதே இல்லை. பைக் வாங்கக் கடன் கேட்டால் 'அது நெகட்டிவ் ஏரியா' என்கிறான். நெகட்டிவ் ஏரியா! கிராமத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? சேரி. அங்கே தெரு எல்லையில் நின்று சொன்னதை இங்கே கம்ப்யூட்டர் சொல்கிறது. எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று கேட்டே என்ன சாதி என்று கண்டுபிடிக்கிற பழைய ஊர்த் தந்திரம், பின்கோடு கேட்கிற நாகரிகமாக மாறியிருக்கிறது. நகரத்தில் யாரும் சாதி கேட்பதில்லை என்று பெருமை பேசுகிறவர்களே, உங்களுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஏரியா பெயர் போதும்.

'ஆனால் அங்கே கஞ்சா இருக்கிறது, கத்திக்குத்து இருக்கிறது, இல்லையென்று சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். நேராகவே பதில் சொல்வோம். இருக்கிறது. அதனால் முதலில் அடிபடுகிறவர்கள் அங்கே வாழும் நம் பெண்களும் பிள்ளைகளும்தான். ராத்திரி வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிற பெண்ணுக்குத் தெரியும் அந்தப் பயம், உங்களுக்கு அல்ல. ஆனால் நாங்கள் கேட்பது இது: பிழைப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பழகிய அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பல்லாயிரம் குடும்பங்களை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தால் என்ன நடக்கும்? கண்ணகி நகரில் 15,000க்கு மேல் வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். பழைய இடத்தில் யார் பிள்ளை தப்புப் பண்ணினாலும் தட்டிக் கேட்க ஒரு பெரியம்மா இருந்தாள். குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கியபோது அந்தப் பெரியம்மா வேறு பிளாக்கில், வேறு மாடியில் விழுந்தாள். ஒரு சமூகத்தின் தசையையும் நரம்பையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஏன் நொண்டுகிறாய் என்று கேட்கிறது நகரம். இன்னொன்றும் கேட்போம். கோடிக்கணக்கில் வங்கியை ஏமாற்றியவன் எந்த ஏரியாக்காரன் என்று யாராவது கேட்டதுண்டா? அவன் செய்தால் அது தனிமனிதக் குற்றம். நம் பையன் ஒருவன் செய்தால் அது ஏரியாவின் குணம்.

4

இது சென்னையின் தனிக்குணம் அல்ல. கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் நிறையக் கற்றிருக்கிறோம். அவர்களின் இந்த அனுபவத்தையும் கற்க வேண்டும்.

2005 ஆகஸ்ட் 29 அன்று காத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. கரைகள் உடைந்து நகரத்தின் 80 விழுக்காடு தண்ணீருக்குள் போனது. மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள் வாழ்ந்த நகரம் அது. நடந்தே வெளியேற முயன்றவர்களைப் பக்கத்து ஊரான கிரெட்னாவின் போலீஸ் பாலத்தின்மேல் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பியது. லட்சக்கணக்கானோர் பக்கத்து மாநிலமான டெக்சாஸுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி ஹூஸ்டன் நகரத்துக்கு. அங்கே ஆஸ்ட்ரோடோம் என்கிற விளையாட்டு அரங்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஹூஸ்டன் மக்கள் முதலில் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அதுவும் நம் கதைதான். அன்றைய ஜனாதிபதியின் தாயார் பார்பரா புஷ் அந்த முகாமைப் பார்த்துவிட்டு, இவர்கள் எப்படியும் வசதியற்றவர்கள்தானே, இது இவர்களுக்கு நன்றாகத்தான் அமைந்திருக்கிறது என்கிற பொருளில் பேசினார். 'குடிசையில கெடந்தவங்களுக்கு மாடி வீடு கெடைச்சிருக்கு, இன்னும் என்ன வேணுமாம்?' என்று நம்மூரில் பேசுகிறார்களே, அதன் ஆங்கில மூலம் இதுதான்.

கொஞ்ச நாள் போனது. ஹூஸ்டனில் கொலைகள் கூடின. உடனே பேச்சு மாறியது: எல்லாம் நியூ ஆர்லியன்ஸ் ஆளுங்க வேலை. வந்தவர்கள் ஊருக்குப் பாரம், குற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் என்று நகரத்தவர் பலர் கருத்துக் கணிப்புகளில் சொன்னார்கள். குற்றவியல் ஆய்வாளர்கள் ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஃபீனிக்ஸ் ஆகிய மூன்று நகரங்களின் குற்றப் புள்ளிவிவரங்களை எடுத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, ஹூஸ்டனில் கொலையிலும் கொள்ளையிலும் சிறிதளவு ஏற்றம் இருந்தது, ஆனால் ஊர் பேசிய அளவுக்கு எந்தக் குற்ற அலையும் இல்லை என்று தெரிந்தது. பேச்சு ஒரு மலை, உண்மை ஒரு மேடு. இதற்கிடையில் நியூ ஆர்லியன்ஸில் என்ன நடந்தது? ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த சுமார் 4,500 பொது வீடுகளை இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் அனுமதித்தது. 2010 கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் கறுப்பின மக்கள் 1 லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தார்கள். தண்ணீர் வெளியேற்றியது, நகரம் திரும்பி வராமல் கதவைச் சாத்தியது. போன இடத்தில் பழி, விட்ட இடத்தில் பூட்டு. அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்கிறது.

5

இங்கே நம் முற்போக்கு நண்பர்களோடு ஒரு சண்டை போட்டாக வேண்டும். அவர்கள் 'நகர்ப்புற ஏழைகள்' என்று எழுதுகிறார்கள். 'உழைக்கும் மக்கள்' என்று எழுதுகிறார்கள். தமிழ்த் தேசிய நண்பர்கள் 'மண்ணின் மைந்தர்கள்', 'பூர்வகுடிகள்' என்கிறார்கள். ஒருவர் வாயிலும் சாதி என்கிற சொல் வரவில்லை. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித்துகள் என்பது அவர்களுக்குத் தற்செயல். மீனவர்கள், முஸ்லிம்கள், பிற சாதி ஏழைகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மை. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முகவரிக்கு வந்த பிறகு அவர்கள் எல்லோரையும் நகரம் ஒரே பார்வையால்தான் பார்க்கிறது. அந்தப் பார்வை ஊரிலிருந்து சேரியைப் பார்க்கிற பார்வை. வறுமையைப் பார்த்தால் இரக்கம் வரும். சேரியைப் பார்த்தால் அருவருப்பும் பயமும் வரும். நகரத்துக்கு வருவது எது என்று பாருங்கள். வறுமை மட்டும்தான் பிரச்சினை என்றால் தனி டம்ளர் எதற்கு?

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. உயிர் தப்பியவர்கள் சொந்த நகரத்திலேயே முகாமில் அகதிகளாகக் கிடந்தார்கள். எரித்தவர்களைவிட எரிக்கப்பட்டவர்கள்தான் தொல்லை என்கிற பேச்சு அன்றைக்கே இருந்தது. எம்.சி.ராஜா அன்று அதற்கு எதிராக நின்றார். நூறு ஆண்டு கழித்து அதே புளியந்தோப்பில்தான் தொட்டால் உதிர்கிற சுவர்.

கிராமத்தைவிட்டு வெளியேறுங்கள் என்றார் அம்பேத்கர். அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் மண்டிய இடம் கிராமம் என்று 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார். நம் தாத்தாக்கள் கேட்டார்கள். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் மூட்டை முடிச்சோடு மதராசுக்கு வந்தார்கள். ஆற்றங்கரையும் கால்வாய்க்கரையும்தான் கிடைத்தது. நாற்றம்தான், ஆனால் நகரம். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது, பீச் இருந்தது, கட்சி இருந்தது, இரவுப் பாடசாலை இருந்தது. முகம் தெரியாத கூட்டத்தில் கலந்து நிற்கிற சுதந்திரம் இருந்தது. இப்போது அந்த நகரமே ஊராக மாறி, நம்மை மறுபடியும் எல்லைக்கு வெளியே தள்ளித் தனிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்திருக்கிறது. செம்மஞ்சேரி! பெயரிலேயே சேரி இருக்கிறது பாருங்கள், யாரும் தேடிப் பிடித்து வைக்கவில்லை.

'தனிக் குடியிருப்பு வேண்டும் என்று உங்கள் அம்பேத்கரே கேட்டாரே' என்று சில புத்திசாலிகள் வருவார்கள். கேட்டார். 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் மாநாடு, சாதி இந்துக்களை அண்டிப் பிழைக்காத தனிக் குடியேற்றங்களைக் கேட்டது. ஆனால் எதோடு? நிலத்தோடு. சாகுபடிக்கான அரசு நிலத்தோடு. எவன் தயவும் இல்லாமல் வாழ்வதற்காகத் தனியாக. நீங்கள் கொடுத்திருப்பது எது? ஒரு சென்ட் நிலம் இல்லை. கட்டடம் மட்டும், அதுவும் அந்தரத்தில். பிழைப்புக்கு உங்கள் வீட்டுக்கே வர வேண்டும். பிரித்து வைத்தலும் அண்டிப் பிழைத்தலும் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்குப் பெயர் சேரி. அம்பேத்கர் ஒழிக்கச் சொன்னது அதைத்தான்.

நிலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். அதே செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர், பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892இன் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு. அந்த நிலம் எங்கே? அதை மீட்கப் போனபோதுதான் 1994 அக்டோபரில் அதே செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நமக்கென்று எழுதிய நிலத்தை ஆக்கிரமித்தவன் மிராசுதார். நூறு வருஷம் கழித்து ஆக்கிரமிப்பாளர் பட்டத்தோடு அதே மாவட்டத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பப்படுகிறவர்கள் நாம்!

6

நகரத்துக்கு அவ்வப்போது குற்ற உணர்ச்சியும் வரும். வந்தால் பெயின்ட் அடிக்கும். 2020இல் கண்ணகி நகர் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து அதைக் 'கலை மாவட்டம்' ஆக்கினார்கள். ஓவியங்கள் அழகுதான். வரைந்தவர்கள் மேல் கோபமில்லை. நம் பிள்ளைகளும் ரசித்தார்கள். ஆனால் படம் எடுக்க வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், சுவருக்குப் பின்னால் ஒழுகுகிற குழாயைப் பார்க்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நெகட்டிவ் ஏரியா பட்டியல் அப்படியே இருந்தது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா, நம் கண்ணகி நகர்ப் பெண். திரும்பி வந்தவர் என்ன செய்தார்? ஊரின் பெயரை மறைக்கவில்லை. 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே நின்றார். முகவரியை மாற்றி எழுதச் சொல்லிக் கொடுத்த நகரத்தின் முகத்துக்கு நேரே அந்த முகவரியைப் பதக்கம்போல மாட்டிக்கொண்டார். நகரம் கைதட்டியது. சந்தோஷம். ஆனால் ஒரு கேள்வி. தங்கம் வென்றால்தான் அந்த முகவரிக்கு மரியாதை என்றால், தங்கம் வெல்லாத மற்ற பிள்ளைகள் என்ன செய்வது? நகரத்தின் சாதாரணப் பிள்ளைகள் சாதாரணமாகவே இருந்துகொண்டு வேலை வாங்குகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் சாதாரணமாக இருக்க வேண்டும். சாதாரணமாக இருப்பதற்கான உரிமைதான் எங்களுக்கு வேண்டும்.

7

நமக்குள்ளும் சில விஷயம் பேச வேண்டும். செம்மஞ்சேரியில் மீனவக் குடும்பம் ஒரு பக்கமும் தலித் குடும்பம் ஒரு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்பது அதிகாரத்துக்கு வசதி. 'நாங்க சுனாமி, நீங்க கால்வாய்' என்று எங்களுக்குள்ளேயே பிரித்துப் பேசுகிறோம். அரசு ஒட்டிய லேபிளை நாமே நெற்றியில் ஒட்டிக்கொள்வதா? கடல் அடித்தவனும் ஆறு அடித்தவனும் ஒரே கட்டடத்தில் ஒரே குழாயில் நிற்கிறோம். ஒரே குழாயில் நிற்கிறவர்கள் ஒரே சங்கத்தில் நிற்க முடியாதா?

படித்துவிட்டு வேலை கிடைத்ததும் மேடவாக்கத்திலோ தாம்பரத்திலோ வாடகைக்குப் போய்விட்டு, எங்கிருந்து வந்தோம் என்பதை வாய்திறக்காமல் இருக்கிற நம் தம்பி தங்கைகளைக் குறை சொல்ல மாட்டேன். பிழைக்க வேண்டும். ஆனால் அம்மா இன்னும் அங்கே எட்டாவது மாடியில் இருக்கிறாள் என்பதை மறக்காமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலைப் பள்ளிக்கூடம் நடத்த வரலாம் அல்லவா?

நம் அமைப்புகள் தெருவில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. வெள்ளத்தின் பெயராலோ சுனாமியின் பெயராலோ எந்தக் குடியிருப்பையும் அங்குள்ள மக்களின் ஒப்புதல் இல்லாமல் அசைக்கக் கூடாது. அசைத்தே ஆக வேண்டுமென்றால் நடந்துபோகிற தூரத்துக்குள் மாற்றிடம். பள்ளி ஆண்டின் நடுவில் ஒரு குழந்தையைக்கூடப் பெயர்க்கக் கூடாது. சதுப்பை ஆக்கிரமித்த பெரிய கட்டடங்களின் பட்டியலை அரசு முதலில் வெளியிட வேண்டும், இடிப்பதை அங்கிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே கொண்டுபோய்ப் போடப்பட்டவர்களுக்கு வீட்டின்மேல் முழு உரிமைப் பத்திரம் வேண்டும். முகவரியைக் காட்டிக் கடனையோ வேலையையோ மறுப்பது தீண்டாமை. அதைத் தீண்டாமை என்றே சட்டம் அழைக்க வேண்டும், வன்கொடுமை என்றே வழக்குப் போட வேண்டும்.

மாணவத் தோழர்களே, இதில் முதல் வேலை உங்களுடையது. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போங்கள். எத்தனை பேருக்கு முகவரியால் வேலை போனது, எத்தனை பேருக்குக் கடன் மறுக்கப்பட்டது, இடம் மாற்றியதால் எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றது என்று பிளாக் பிளாக்காக, வீடு வீடாக எழுதி எடுங்கள். அரசு அந்தக் கணக்கை எடுக்காது. எடுத்தால் அதன் குற்றப் பத்திரிகையை அதுவே எழுதியதாகிவிடும். நாம் எழுதுவோம். அடுத்த மழை வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அடுத்த மழை வந்தால் அடுத்த லாரியும் வரும்.